எனக்குக் கீழே ஒரு தேவகி

ஒருவருக்குக் கீழே வேலை பார்ப்பதுதான் கஷ்டம் என்று சொல்கிறவர்கள், ஒருவருக்கு மேலே ஒரு நாளும் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். வகுப்புத் தலைவிகள், விடுதிச் செயலாளர்கள், ஆபீஸில் இரண்டே இரண்டு பேரை மேய்ப்பதற்குள் நாக்குத் தள்ளிப்போகும் தலைமை குமாஸ்தாக்கள், நீங்களெல்லாம் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம். தேவகி சிரித்ததைவிட அதிகமாக யாரும் சிரித்துவிட முடியாது.

நான் வேலப்பன்சாவடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. மூன்றாம் வருஷம் படித்தபோது தேசிய மாணவர் படையில் சீனியர் அண்டர் ஆபீசர். அதாவது, காக்கிச் சட்டை போட்ட இருபத்தொரு பெண்களுக்கு நான் தலைவி. அடையாளம், கழுத்தில் ஒரு விசில், அதைக் கட்டிய சிவப்புக் கயிறு. அந்தக் கயிறு எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், பேசிக் கிடைத்தது. தேர்வு நாளில் ‘தலைமைப் பண்பு’ பற்றி இருபது நிமிஷம் பேசினேன். எங்கள் கல்லூரித் தாவரவியல் ஆசிரியைதான் படைக்கு லெப்டினன்ட். அவர் கயிற்றைக் கொடுக்கும்போதே ஒன்று சொல்லிவிட்டார். வருஷக் கடைசியில் ஆவடியில் பத்து நாள் முகாம், அதில் அணிவகுப்புப் போட்டி. அதுவரை அணியைக் கட்டி நடத்தினால் கயிறு என்னுடையது, இல்லையென்றால் கைமாறும். கைமாறுவதா? என்னிடமிருந்தா? நான் சிரித்தேன். அப்போது தேவகி படையில் சேரவில்லை.

மரியாதைச் சொல்

தேவகி முதலாம் ஆண்டு. மண்ணூர்பேட்டை. அப்பா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். என்னைவிட ஒன்றரை ஜாண் உயரம். பள்ளிக்கூடத்திலேயே இரண்டு வருஷம் இந்தப் படையில் இருந்தவள் என்பதை அவள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. முதல் நாள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். “இன்னாக்கா?” என்று திரும்பினாள்.

ராணுவ ஒழுங்கில் அக்கா, தங்கச்சி கிடையாது, மேடம் என்றுதான் அழைக்க வேண்டும் என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். பதவிக்குக் கொடுக்கும் மரியாதை ஆளுக்குக் கொடுப்பதல்ல, அமைப்புக்குக் கொடுப்பது, அமைப்பு குலைந்தால் அணி குலையும் என்று கால் மணி நேரம் விளக்கினேன். போன மாதம்தான், முதலாம் ஆண்டுப் பெண்கள் உட்பட எல்லோரும் கேட்க, கல்லூரிப் பட்டிமன்றத்தில் ‘அழைப்புச் சொற்கள் எல்லாம் ஜமீன்தார் காலத்து மிச்சம், மனிதரை மனிதர் பெயர் சொல்லி அழைப்பதே சமத்துவம்’ என்று மேஜையைத் தட்டிப் பேசிப் பரிசாக எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருந்தேன். அந்த மேஜைக்கு வாய் இருந்தால் அன்றைக்கு மைதானத்துக்கே வந்து கேட்டிருக்கும். தேவகி முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள்.

“செரி, மேடம்க்கா.”

பெல்ட் பித்தளை

சனிக்கிழமை காலைகளில் உடை சோதனை. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் மெதுவாக நடப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. தேவகியின் பெல்ட் பித்தளையில் ஒரு சின்ன மங்கல். அதை நான் விடுவேனா? பித்தளை என்றால் அதில் என் முகம் தெரிய வேண்டும், இதில் தெரிவது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டின் புழுதி என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கேறியது. போய்த் துலக்கிக்கொண்டு வா என்று வரிசையிலிருந்து அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் வந்து என் மூக்குக்கு நேராகப் பித்தளையை நீட்டினாள். தங்கம் மாதிரி மின்னியது. குனிந்து பார்த்தேன். என் முகம், அதற்குமேல் என் தொப்பி, தொப்பியில் சின்னம், எல்லாம் தெரிந்தன.

“நல்லா பாருங்க மேடம்க்கா. உங்க பேட்ஜு தலகீழா கீது பாருங்க, அதுகூட தெரியுது.”

தாயேன், பாயேன்

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். படையில் உத்தரவுகள் எல்லாம் இந்தியில். என் அப்பா கல்லூரிக் காலத்தில் ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையில் தார் பூசிவிட்டு ஓடி வந்தவர். அவருடைய மகள் பூந்தமல்லி மொட்டைமாடியில் நின்று சாயங்காலம் தோறும் “சாவ்தான்! விஷ்ராம்!” என்று கத்தியதை அவர் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, தண்ணீர் நிறையக் குடித்தார். 

எனக்கு வந்த தகராறு இரண்டே சொல்லில். வலப்பக்கம் திரும்ப ‘தாயேன் முட்’. இடப்பக்கம் திரும்ப ‘பாயேன் முட்’. நடக்கச் சொல்லும் ‘தேஸ் சல்’லில் தகராறு இல்லை. தமிழ்க் காதுக்கு ஒன்று ‘கொஞ்சம் கொடேன்’ என்று கெஞ்சுகிறது, இன்னொன்று ‘கொஞ்சம் குதியேன்’ என்று தூண்டுகிறது. நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். தாயேன் என்று கேட்டு நீட்டுவது வலது கை, ஆகவே தாயேன் என்றால் வலது. அற்புதமான உபாயம். ஒரே ஒரு ஓட்டை. அணியின் தலைவி அணியைப் பார்த்து நிற்கிறாள். என் வலது அவர்களுக்கு இடது. அணி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நான் என் கையை வைத்து நினைப்பேன், நினைத்ததை வாய் சொல்லும், சொன்னது நேர் எதிர்ப்பக்கமாக இருக்கும்.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆவடியிலிருந்து ஒரு ஹவில்தார் வருவார். படையில் அவரை உஸ்தாத் என்போம். வேலூர்ப் பக்கத்துக்காரர். நான் உத்தரவு கொடுப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் அவருடைய முகம் மாறிவிட்டது.

“கொரலு பிரமாதம்மா. டில்லி ராஜ்பாத்துக்கே கேக்கும். தெசதான் இல்ல.”

முட்

கல்லூரி மைதானத்தில் ஒரு பக்கம் வாசல், மறுபக்கம் கழிவறைச் சுவர். அன்று அணியை வாசல் பக்கம் கொண்டுபோக நினைத்து, “பாயேன் முட்! தேஸ் சல்!” என்று முழங்கினேன். இருபத்தொரு பேரும் திரும்பி வாசலை நோக்கி அழகாக நடந்தார்கள். எனக்கு மகிழ்ச்சி. நாலு விநாடி கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. நான் சொன்னது இடது, அவர்கள் போனது வலது. வலது ஓரத்தில் நிற்கும் தேவகி வலப்பக்கம் திரும்பியிருக்கிறாள், மொத்த அணியும் அவள் தோளைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. என் சொல்லை யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால், நினைத்த இடத்துக்கு அணி போய்விட்டதே என்று வாயை மூடிக்கொண்டிருப்பீர்கள். நான் அணியை நிறுத்தி, திரும்ப அழைத்து, உத்தரவு தப்பா சரியா என்று முடிவு செய்வது உத்தரவைக் கேட்கிறவரின் வேலை அல்ல என்று வாதாடினேன். ஆளாளுக்குத் தங்கள் புத்தியை உபயோகித்தால் படை எப்படி நடக்கும் என்று கேட்டேன். இதை நான் கேட்டது பகல் வெளிச்சத்தில், நல்ல சுயநினைவோடு. எல்லோரும் காலைப் பார்த்தார்கள். தேவகி மட்டும் கழிவறைச் சுவரைப் பார்த்தாள்.

“முட்டுன்னீங்க. நீங்க சொன்ன பக்கம் போயிருந்தா, மெய்யாலுமே செவுத்துல முட்டிகினு நின்னுருப்போம் மேடம்க்கா.”

கண்டக்டர்

முகாமுக்குப் போன அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே ஆவடிக்குப் போனோம். கூட்டம் எங்களை அணியாக ஏறவிட்டு, உதிரியாக ஆக்கிவிட்டது. நானும் தேவகியும் கண்டக்டர் பக்கத்தில் மாட்டிக்கொண்டோம். நான் கயிறும் விசிலும் நன்றாகத் தெரியும்படி நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். முன்னால் ஒருவர் பழக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றதில் அது யாருக்கும் தெரியாமல் போனது. கண்டக்டர் தேவகியின் உயரத்தையும் கஞ்சி போட்ட மடிப்பையும் ஏற இறங்கப் பார்த்தார். பாதி சல்யூட் மாதிரி கையைக்கூடத் தூக்கினார்.

“எங்க எறங்கணும் மேடம்? கூட வர்ற பாப்பாக்கும் சேத்து குடுத்துடவா?”

எட்டுக் குற்றச்சாட்டுகள்

முகாமின் நான்காம் நாள் பொறுமை போய்விட்டது. போட்டிக்கு இன்னும் ஐந்து நாள். கயிறு என் கழுத்தில் இருந்தாலும் அணி தேவகியின் தோளில் இருந்தது. ஒத்திகையில் இரண்டு முறை நான் சொன்னது ஒரு பக்கம், அணி போனது ஒரு பக்கம். உட்கார்ந்து லெப்டினன்ட் மேடத்துக்கு இரண்டு பக்கப் புகார் எழுதினேன். எட்டுக் குற்றச்சாட்டுகள், எண்ணிட்டு. மூன்றாவது, ‘அணியினர் என்னைப் பார்க்காமல் இவளையே பார்த்துத் திரும்புகின்றனர்.’ ஐந்தாவது, ‘நான் சொல்லாமலே ஜூனியர்கள் இவளிடம் சந்தேகம் கேட்கின்றனர், இவளும் சொல்லிக்கொடுக்கிறாள்.’ ஏழாவது, ‘நான் தவறு செய்தால் அது வெளியே தெரியாதபடி இவள் திருத்திவிடுவதால், என் தவறு எது என்று எனக்கே தெரிவதில்லை.’ எழுதும்போது இது எனக்கு எவ்வளவு கடுமையான குற்றமாகத் தெரிந்தது என்பதை இப்போது நம்ப முடியவில்லை.

மேடம் படித்தார். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். அவ்வளவு வேண்டாம், மன்னிப்புக் கடிதம் போதும் என்று பெரிய மனது பண்ணினேன். கடிதத்தை நானே எழுதினேன், அதில்தானே என் திறமை. ‘இனி சீனியர் சொன்னதை மட்டுமே செய்வேன். சொல்லாத எதையும், என் சொந்தப் புத்தியால், செய்யமாட்டேன்.’ இரண்டாவது வாக்கியத்தில் அந்தக் காற்புள்ளிகளை நான் மிகவும் ரசித்தேன். தேவகி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

“அப்பால நீங்க மாத்திப் பேச மாட்டீங்களே, மேடம்க்கா?”

தண்ணீர்த் தொட்டி

மறுநாள் காலை தண்ணீர்த் தொட்டியில் ஒரே நெரிசல். தேவகியைக் காவலுக்கு நிறுத்தி, “நான் வரும்வரை ஒருத்தரையும் விடாதே” என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போனேன். ‘வரிசை தாண்டி வருகிறவர்களை’ என்று சேர்க்க மறந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் முகாமில் பாதிப் பேர் காலி வாளியோடு நிற்கிறார்கள். முதல் ஆளாக லெப்டினன்ட் மேடம், கையில் பிரஷ், வாய் நிறைய நுரை. அவரால் பேசவும் முடியவில்லை, துப்பவும் மனமில்லை. அவருக்கு எதிரில் விறைப்பாக தேவகி. என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள்.

“அக்கா வந்துட்டாங்க மேடம். இனிமே நீங்க வாய் கொப்ளிக்கலாம்.”

போட்டி

போட்டி நாள். ஒன்பது கல்லூரிகள். பந்தலில் நடுவர்கள், நாற்காலிகள், மேஜைமேல் பூங்கொத்து. உஸ்தாத் ஓரமாக நின்றார். நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை. வலப்பக்கம் திரும்பி நடுவர்கள் முன்னால் நடந்து போக வேண்டும், அவ்வளவுதான். நூறு முறை சொல்லிப் பார்த்தது. தாயேன், தாயேன், தாயேன். அணி என் முன்னால் சிலையாக நின்றது. பந்தல் எங்கே இருக்கிறது என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம், பார்த்துக்கொண்டேன். என் இடது கைப்பக்கம் இருந்தது. ஆவடி முழுவதும் கேட்கும்படி, “பாயேன் முட்! தேஸ் சல்!” என்றேன்.

தேவகியைப் பார்த்தேன். ஒரு கணம், ஒரே கணம், அவள் தோள் வலப்பக்கம் அசைந்ததைக் கண்டேன். அசைந்து, நின்றது. பிறகு, சொன்னதை மட்டுமே செய்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பெண், சொன்னதை மட்டுமே செய்தாள். இருபத்தொரு காலும் ஒரே சத்தம். அப்படி ஒரு அழகான திருப்பத்தை அந்த மைதானம் அன்று பார்க்கவில்லை. நடுவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அணி நடந்தது. அவர்களுடைய இடப்பக்கம் சமையல் கூடாரம். நிறுத்த ஒரு சொல் இருக்கிறது. ‘தம்.’ ஒரே எழுத்து மாதிரி ஒரு சொல். இருபது நிமிஷம் தலைமைப் பண்பு பேசிய வாய்க்கு அது கிடைக்கவில்லை. விசில் இருப்பது நினைவுக்கு வரவில்லை. “நில்லுங்கடீ!” என்று கத்தினேன். தமிழில் உத்தரவு என்று படையில் எதுவும் இல்லை. அவர்கள் நிற்கவில்லை. அணிக்குப் பின்னால் நான் ஓடினேன், ஒன்பது கல்லூரிகளும் பார்த்தன. முன்னால் போன குட்டைப் பெண் கூடாரக் கயிற்றைத் தொடும்போது தொண்டையிலிருந்து ‘தம்’ வந்து விழுந்தது. ஒரே சத்தத்தில் நின்றார்கள். எதிரே சாம்பார் அண்டா. அதற்குள் கரண்டியை விட்டுக் கிளறிக்கொண்டிருந்த சமையல்காரர் நிமிர்ந்து, வரிசையைக் கடைசிவரைக்கும் பார்த்தார்.

“இன்னாம்மா, இப்பவே வந்துட்டீங்க? பருப்பே இன்னும் வேகல.”

சிபாரிசு

சாயங்காலம் லெப்டினன்ட் மேடம் கூப்பிட்டனுப்பினார். நான் வாதங்களைத் தயாராக எடுத்துக்கொண்டு போனேன். பந்தல் போட்ட திசை தவறு. இந்தி என் தாய்மொழி அல்ல. தேவகி நினைத்திருந்தால் திருத்தியிருக்கலாம், வேண்டுமென்றே கீழ்ப்படிந்தாள். இந்த மூன்றாவதைச் சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று என் காதுக்கே கேட்டது. கேட்டும் நிறுத்தவில்லை. கீழ்ப்படிவதை ஒரு குற்றமாக முதன்முதலில் நிரூபிக்க முயன்றவள் நானாகத்தான் இருப்பேன்.

மேடம் கையை நீட்டினார். கயிற்றைக் கழற்றிக் கொடுத்தேன். கண் கொஞ்சம் எரிந்தது, புழுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். தேவகிக்கு என்றார். முதலாம் ஆண்டுப் பெண்ணுக்கா, எந்த அடிப்படையில் என்று பொங்கினேன். அவர் மேஜைக்குள்ளிருந்து இரண்டு தாள் எடுத்தார். என் கையெழுத்து. எட்டு எண்கள். அணி இவளையே பார்த்துத் திரும்புகிறது, ஜூனியர்கள் இவளிடம்தான் கேட்கிறார்கள், தலைவியின் தவறு வெளியே தெரியாதபடி இவள் திருத்துகிறாள் என்று ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்துவிட்டுத் தாளை மடித்தார்.

“இதைவிட நல்ல சிபாரிசுக் கடிதம் நான் படிச்சதில்லைம்மா. எழுத உனக்குத்தான் வரும்.”

கயிறு

திங்கட்கிழமை கல்லூரி மைதானம். கயிறும் விசிலும் தேவகியின் கழுத்தில். நான் அணியில், உயரப்படி இடது ஓரம். பேச ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டு நின்றேன். “தாயேன் முட்!” என்றாள். குரல் என்னுடையது மாதிரி ராஜ்பாத்துக்கெல்லாம் கேட்காது, ஆனால் திசை இருந்தது. எல்லோரும் வாசலைப் பார்த்துத் திரும்பினார்கள். ஒரு வருஷமாக எல்லாவற்றையும் எதிர்ப்பக்கத்திலிருந்தே பார்த்துப் பழகிய நான் மட்டும் கழிவறைச் சுவரைப் பார்த்து விறைப்பாக நின்றேன். பின்னால் அடக்கிய சிரிப்பு. பூட்ஸ் சத்தம் என்னை நோக்கி வந்தது. பெல்ட்டைப் பற்றியாவது ஏதாவது சொல்வாள், சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது, நான்தான் அதைக் கால் மணி நேரம் நிரூபித்தவள். “மன்னிக்கணும், மேடம்” என்றேன். ஜமீன்தார் காலத்து மிச்சம் என் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது.

தேவகி சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சிவப்புக் கயிற்றை எடுத்தாள். விசில் கயிறு தன் உயரத்துக்கு நீளம் என்பதால் நறுக்கிய துண்டு என்று அவள் பிறகு சொன்னாள், அவள் உயரத்துக்கு அது நீளமாக இருக்க வழியே இல்லை. என் வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

“கயிறு கீற கை தாயேன். உங்களாண்டயும் கயிறு கீது, என்னாண்டயும் கயிறு கீது. உங்க சமத்துவம் வந்துட்ச்சா, மேடம்க்கா?”

மாணவர் படையில் மூன்று வருஷம் இருந்து நான் கற்றுக்கொண்டது என் வலது கை எது என்பது ஒன்றைத்தான், அதையும் எனக்குக் கீழே இருந்தவள் கட்டிக் காட்ட வேண்டியிருந்தது, இதில் தலைமைப் பண்பு யாருடையது என்று யாராவது வாதத்துக்கு வந்தால் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று மணிக்கட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.